கோபன்ஹேகன் போட்ட கணக்கு

2025-க்குள் உலகத்திலேயே முதல் கார்பன் நியூட்ரல் தலைநகரம் ஆகிவிடுவோம் என்று கோபன்ஹேகன் நகராட்சி 2012-ல் திட்டம் போட்டது. 2022 ஆகஸ்டில், முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். 'பசுமைப் பேச்செல்லாம் பம்மாத்து, பாத்தீங்களா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அந்தத் தோல்வி பெரிதாகப் படவில்லை. ஜெயித்திருந்தால் அது எப்படிப்பட்ட ஜெயிப்பாக இருந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குளிர் நாடாக இருந்தும் அங்கே வீட்டுக்கு வீடு பாய்லர் எரிக்கும் வேலை கிடையாது. மின் நிலையங்களில் மிஞ்சும் வெப்பத்தைச் சுடுநீராக்கி, தரைக்கடியில் குழாய் போட்டு, கிட்டத்தட்ட நகரம் முழுவதற்கும் அனுப்புகிறார்கள். பல பத்தாண்டு உழைப்பு. ஒரு இன்ஜினியராக எனக்குப் பொறாமைதான்.

ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இடிக்கிறது. நிலக்கரிக்குப் பதில் மரச்சில்லுகளை எரிக்கிறார்கள். புகைபோக்கியில் கார்பன் வரத்தான் செய்கிறது. மரம் திரும்ப வளரும் என்பதால் கணக்கில் பூஜ்யம். (வளர எத்தனை வருஷம் ஆகும் என்பது கணக்குக்குக் கவலையில்லை.) கார் புகையை ஒழிப்பது கஷ்டம். அதனால் நகரத்துக்கு வெளியே காற்றாலைகள் நட்டு, அந்த உபரி மின்சாரத்தைக் காட்டிப் புகையைக் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு. நகரவாசிகள் சாப்பிடும் இறைச்சி, வாங்கும் துணி, ஏறும் விமானம் எதுவும் இதில் சேர்த்தி இல்லை.

கடைசியில் கவிழ்த்தது குப்பை. அமாகர் பக்கே என்ற ஆலை குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கிறது. கூரைமேல் சறுக்கு விளையாட்டுத் தளம்கூட உண்டு, படங்களில் பார்த்திருப்பீங்க. உள்ளூர்க் குப்பை போதாமல் வெளிநாட்டுக் குப்பையையும் வாங்கி எரித்த ஆலை அது. குப்பையில் பிளாஸ்டிக் இருக்கிறது, அதன் கார்பனை மரம் மாதிரி பூஜ்யமாக்க வழியில்லை. புகையிலிருந்து கார்பனைப் பிடிக்கும் கருவி வைக்க நினைத்தார்கள். அரசு மானியம் கேட்கும் நிதித் தகுதி அந்த ஆலைக்கு இல்லாமல்போக, மொத்த இலக்கும் சரிந்தது.

புரோகிராம் ஃபெயில் ஆனால் டெஸ்ட் கேஸை மாற்றி பாஸ் வாங்குவதை எங்கள் தொழிலில் பார்த்திருக்கிறேன். எங்கள் துறையின் பசுமைக் கணக்கிலும் அந்த வாசனை உண்டு. கூகுளை எடுத்துக்கொள்ளுங்க. ஒரு வருஷத்தில் செலவழிக்கும் மின்சாரத்துக்குச் சமமான அளவு காற்று, சூரிய மின்சாரத்தை வாங்குவதாக 2017 முதல் சொல்கிறது. அதாவது 100 சதவீதம். ஆனால் டேட்டா சென்டர் ராத்திரியும் ஓடுகிறது. பகலில் வாங்கிய சூரிய மின்சாரம் ராத்திரி எரிந்த எரிவாயுவை எப்படி அழிக்கும்? அதே நிறுவனம் அந்தந்த மணி நேரத்தில், அந்தந்த ஊர் கிரிட்டில் எவ்வளவு சுத்த மின்சாரம் என்று இன்னொரு கணக்கும் வெளியிடுகிறது. 2023-ல் அது 64 சதவீதம். ஒரே மின்சாரம், ஒரே வருஷம், இரண்டு எண். மொத்த உமிழ்வு 2019-ஐவிட 48 சதவீதம் கூடியதையும் அவர்களே சொன்னார்கள். மறைக்கவில்லை என்பதற்கு ஒரு மார்க் போடலாம்.

எங்கள் அலுவலக வரவேற்பறையிலும் '100% பசுமை மின்சாரம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. வருஷக் கணக்கா, மணிக் கணக்கா என்று கட்டடப் பராமரிப்பு அலுவலரிடம் கேட்டேன். 'மெயில் போடுங்க சார்' என்றார். போட்டிருக்கிறேன்.