சிறுபாணாற்றுப்படையில் விறலியின் வண்ணவோவியம்

கலைஞர் ஒருவரை வியந்து போற்றும் புலவன், அவர் உருவைத் தீட்டுதற்கு வேண்டும் வண்ணங்களை எங்கிருந்து பெறுகின்றான்? இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் யாத்த சிறுபாணாற்றுப்படை இவ்வினாவிற்குத் தக்க விடை பகர்கின்றது.

ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் இந்நூல், தொடக்கத்திலேயே ஆடற்கலை வல்ல விறலியரை நம்முன் நிறுத்துகின்றது. அவர்தம் கூந்தல் மழை போன்றது. அக்கூந்தல் போன்றது மயிற்றோகை. தொடை பிடியின் கை போன்றது. அத்தொடை போன்றது வாழை. வாழையின் பூப் போன்றது கொண்டை. இங்ஙனம் உறுப்பிற்கு நிலப்பொருளும், நிலப்பொருளுக்கு உறுப்பும் மாறி மாறி உவமையாகின்றன. மழையின் கருமை, தோகையின் நீலம், வேங்கையின் பொன்மை, முல்லையின் வெண்மை ஆகிய வண்ணங்கள் யாவும் அவர் நடந்த நிலத்தினின்றே எடுக்கப்பட்டன.

இஃது அந்தாதித் தொடையின் அழகு மட்டுமே என்பார் உளர். அவர் கூற்று முற்றும் பொருந்துமாறில்லை. விறலியின் அடியை ஓடி இளைத்த நாயின் நாவிற்கு ஒப்பிடுகின்றார் புலவர். இவ்வுவமை பொருநராற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் வருதலின் மரபுவழிப்பட்டதே. ஆயினும் அம்மரபு, வழிநடையால் நொந்த அடிகளைக் கண்ட கண்ணிற் பிறந்ததாதல் வேண்டும். மேலும், அவ்வடியில் அணிகலன் இல்லை என்பதையும், இளையர் அதனை மெல்ல வருடுதலையும் நத்தத்தனார் மறவாது கூறுகின்றார். வியப்பு வறுமையை மறைக்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இனி, அணியிலா அவ்வடி செல்லவேண்டிய நெய்தல் வழியை நோக்குவோம். ஆண்டுத் தாழை அன்னம்போற் பூக்கின்றது. செருந்தி பொன்னையும், முள்ளி நீலமணியையும், புன்னை முத்தையும் ஒப்ப மலர்கின்றன. கலைஞர் காலில் இல்லாத அணிகளை வழியே பூண்டு நிற்கின்றது என்று கொள்ளுதல் பிழையாகாது என்பது எம் கருத்து.

அவ்வழியிலுள்ள எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என அறிஞர் பலர் கருதுவர். இடையஞ்சாவடி இந்நூலில் இடம்பெற்ற ஊரன்று. எனினும், சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அவ்வூரினின்று மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் ஓவியர், கலைஞர் ஒருவரைத் தீட்ட விரும்பின், முகத்தை மட்டும் நோக்குதல் போதாது. அவர் நடந்த நிலத்தையும், அந்நடையால் நொந்த அடியையும் நோக்குதல் வேண்டும். நத்தத்தனார் காட்டும் நெறி இதுவே.