காரியமும் கணினியும்

மும்பை, சென்னை, கொல்கத்தா, பாரதீப், இப்போது தீனதயாள் என்று பெயர் வழங்கும் கண்ட்லா ஆகிய ஐந்து பெருந்துறைமுகங்களின் நிர்வாகத்தை ஒரே மென்பொருளுக்குள் கொணர மத்திய அரசாங்கம் முற்பட்டபோது, அங்கே வழக்கிலிருந்த 2,474 காரிய முறைகளை ஆராய்ந்து, ஒன்றோடொன்று பொருத்தி, கடைசியில் 162 ஆக ஒடுக்கியதாக அரசாங்க அறிக்கை கூறுகிறது. இது சாமானியமான வேலையன்று. ஒரே விவரத்தைப் பல மேசைகளில் பல விதமாக எழுதிவைத்து, பின்பு எது மெய் என்று விசாரித்துக் கொண்டிருக்கும் ஸ்தாபனங்களுக்கு இத்தகைய சிகிச்சை அவசியம். மென்பொருள் வாங்கும் சாக்கிலாவது தம் காரியத்தைத் தாமே ஒருமுறை நின்று பார்க்கிறார்களே என்பதுதான் இதன் பெரிய அனுகூலம்.

ஆயினும், நீக்கப்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் முறைகளில் எவை ஆபீஸ் நாற்காலியில் பிறந்தவை, எவை கடலும் மழையும் கற்பித்தவை என்பதைப் பிரித்தறிய வல்லவர் யார் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் அவ்வைந்தில் சேர்ந்ததன்று. ஆனால் தொழிற்சாலையிலேயே சரக்கேற்றி முத்திரையிட்ட பெட்டகங்கள், இடையிலுள்ள பெட்டக நிலையங்களைச் சுற்றாமல் நேரே துறைமுகத்திற்குள் செல்லும் ஏற்பாடு 2018இல் அங்கே வந்தது. லாரி ஓடும் வழியே சுருங்கிய பிறகு கணினியில் பதிவைச் சுருக்குவது பொருத்தமான சீர்திருத்தம். வழி பழையபடியே இருக்கப் படிவத்தை மட்டும் சுருக்குவது வெறும் அலங்காரம்.

இதன் மறுபக்கத்தைக் காண, தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியைச் சுற்றியுள்ள உப்பளங்களே போதும். அம்பாரமாகக் குவித்த உப்பு ஈரம் வடிய வடிய எடை குறையும். ஓலை வேய்ந்து மூடினாலும் ஐப்பசி மழையில் ஓரளவு கரையும். பதிந்த எடை விற்கும் நாள்வரை மாறாதென்று கொள்ளும் சரக்குக் கணக்கு மென்பொருளுக்கு இது ‘குறைவு’. கணக்குப்பிள்ளைக்கோ இயல்பான சேதாரம். அளத்தில் வேலையற்ற மழை மாதங்களில் கொடுத்து, பருவத்தில் கழித்துக்கொள்ளும் முன்பணத்தையும் மாதச் சம்பளப் பட்டியலுக்குள் அடைப்பது கடினம். இவற்றுக்கு இடந்தராத மென்பொருளை வைத்துக்கொண்டு காரியம் நடத்துகிறவர்கள் என்ன செய்வார்கள்? திரையில் ஒரு கணக்கும் துண்டுச்சீட்டில் ஒரு கணக்குமாக இரண்டு வைப்பார்கள்; செலவும் இரட்டிக்கும், பொய்யும் கிரமமாகப் பதிவாகும்.

நாற்காலியில் பிறந்த வழக்கம் மென்பொருளுக்கு வளையட்டும். சரக்கின் சுபாவத்திற்கும் பருவத்திற்கும் மென்பொருளே வளையவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆகவே அளத்துக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மென்பொருள் விற்க வருகிறவரை முதலில் ஒரு மழைக்காலம் முழுதும் உங்கள் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், கையெழுத்தை அதற்குப் பிறகு போடலாம்.