வாசலுக்கு வந்த சோதனைக் குழாய்

சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சிறுநீரகத் துறைக்குத் தலைமை வகித்த டாக்டர் எம்.கே. மணிக்கு 1991-இல் பத்மபூஷண் கிடைத்தது. அவர் பணியில் எனக்கு முதன்மையாகப் படுவது பெரிய மருத்துவமனையில் செய்தது அல்ல. சென்னைக்கு அருகே கிராமங்களில் 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' வழியாக நடத்திய தடுப்புத் திட்டம். சிறுநீரகம் செயலிழந்தபின் டயாலிசிஸ் செலவைத் தாங்க நம் குடும்பங்கள் பலவற்றால் முடியாது. ஆகவே நோயை முன்பே மறிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தை விட்டால், புரதம் இருந்தால் கலங்கிவிடும். பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவுக்கேற்ப நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறம்வரை போகும். அழுத்தத்துக்கு ரெசர்பின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போன்ற மலிவு மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. ஆண்டுக்குத் தலைக்கு ஆன செலவு அரை டாலருக்கும் குறைவு.

இந்த மலிவில்தான் குறையும் இருக்கிறது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது கசியும் அல்புமின் என்ற புரதம் மிகச் சொற்பம். அது அமிலச் சோதனையில் கலங்கலாகத் தெரியாது. முன்கூட்டியே பிடிப்பதற்கென்று வந்த திட்டம் முதல் அறிகுறியைத் தவறவிடுகிறது. ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் அநுராதபுரத்திலும் உழவர்களைத் தாக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோய், அழுத்தமோ சர்க்கரையோ இல்லாதவர்களுக்கும் வருகிறது. அதுவும் இந்த வலையில் எளிதில் சிக்காது. சிறுநீரகத்தைக் காக்கும் ஏ.சி.இ. தடுப்பு மருந்துகள் அப்போதே இருக்க, மனச்சோர்வு தரக்கூடும் என்று அஞ்சப்பட்ட ரெசர்பினை ஏன் நாட வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அந்த மருந்துகளைத் தொடங்கினால் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஆய்வகம் எட்டாத ஊரில், கண்காணிக்க முடியாத நல்ல மருந்தைவிடத் தடையின்றிக் கிடைக்கும் பழைய மருந்தே மேல் என்பது என் தீர்ப்பு.

திட்டத்தின் பலனை நிறுவிய விதம் பற்றித்தான் எனக்குத் தயக்கம். திட்டம் நடந்த பகுதியைப் புதிதாகச் சேர்த்த பகுதியோடு ஒப்பிட்டார்கள். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல அது. இரண்டு பகுதிகளின் வேறுபாடு முழுவதையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஓர் அறக்கட்டளையின் தோளில் இது எத்தனை காலம் நிற்கும் என்ற ஐயத்துக்கு மட்டும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளைத் தமிழக அரசே வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அல்புமினை நுட்பமாக அளக்கும் சோதனையும் கிரியாட்டினின் சோதனையும் ஆண்டுதோறும் அதே வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும்.