பவளத் தொட்டியில் ஒளியை அளத்தல்: எண்ணின் பயனும் எல்லையும்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் வளரும் பவளங்களுள் பெரும்பாலானவை, ஸூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகளைத் தம் திசுக்களுக்குள் குடிவைத்து, அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவைக் கொண்டே தம் தேவையின் பெரும்பகுதியை நிறைவு செய்துகொள்கின்றன. எனவே விளக்கின் வலிமையை அறிவது வளர்ப்போரின் முதற்கடமையாகிறது. கண்ணின் பாவை வெளிச்சத்துக்கேற்பச் சுருங்கி விரிந்து ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுவதால், வெறும் பார்வை இதற்குப் போதாது. இக்குறையை நீக்கவே 'பார் மீட்டர்' பயன்படுகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பதை அது மைக்ரோமோல் கணக்கில் காட்டுகிறது.

மலிவான லக்ஸ் மீட்டரோடு ஒப்பிட்டால் இக்கருவியின் சிறப்பு தெளிவாகும். லக்ஸ் என்பது 555 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சை ஒளியை மிகுதியாக உணரும் மனிதக் கண்ணுக்கேற்ப வகுக்கப்பட்ட அலகு. சூரிய ஒளியில் ஏறத்தாழ 54 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்கு இணையாகும் என்றாலும், நீல நிறம் ஓங்கிய எல்.இ.டி. விளக்குக்கு அவ்விகிதம் பொருந்தாது. அங்கே லக்ஸ் மீட்டர் உண்மையான ஒளியை வெகுவாகக் குறைத்தே காட்டும். பார் மீட்டரின் உணரியைத் தொட்டியின் பல இடங்களில் வைத்து அளப்பவர், விளக்கின் நேர்கீழே மிகுந்தும் ஓரங்களில் வீழ்ந்தும் பாறை நிழலில் மங்கியும் கிடக்கும் ஒளியை வரைபடமாகவே பெற்றுவிடலாம்.

எனினும் அந்த எண்ணை அப்படியே நம்புவதற்குத் தடைகள் உள்ளன. காற்றில் அளவு திருத்தப்பட்ட உணரி நீருக்குள் குறைத்துக் காட்டுவதால், கருவியின் வகைக்கேற்ப 1.08, 1.32 போன்ற திருத்தக் காரணியால் பெருக்க வேண்டியுள்ளது. இதை மறந்தவர் போதிய ஒளியில்லை என்றெண்ணி விளக்கைக் கூட்டிப் பவளத்தை வெளிறச் செய்யக்கூடும். பழைய உணரிகள் சில, ஊதாவை ஒட்டிய நீலத்தைச் சரிவர உணர்வதில்லை. நீர்ப்பரப்பின் அலைகளால் ஒளிக்கீற்றுகள் அலைபாய்வதால் ஒற்றை அளவீடும் நிலையானதன்று.

இவற்றினும் ஆழமான குறை, இக்கணக்கு எல்லா ஒளித்துகள்களையும் சமமாக எண்ணுவதும் காலத்தைக் கருதாததுமாகும். பாசியின் நிறமிகள் நீலத்தை மிகுதியாகவும் பச்சை, மஞ்சள் ஒளிகளைக் குறைவாகவும் ஈர்ப்பதால், ஒரே எண்ணைக் காட்டும் இரு விளக்குகள் ஒரே பயனைத் தருவதில்லை. 150 மைக்ரோமோல் 12 மணி நேரமும், 180 மைக்ரோமோல் 10 மணி நேரமும் விழுந்தால், நாளின் மொத்த ஒளி இரண்டிலும் 6.48 மோல்தான்; ஆனால் நொடிக்கணக்கை மட்டும் நோக்குபவர் இவ்விரண்டையும் வேறுவேறாகவே கருதுவார்.

ஆகவே, கடினப் பவளத்துக்கு இத்தனை, மென்பவளத்துக்கு இத்தனை என்று வழங்கும் அட்டவணைகள் தொடக்கநிலை வழிகாட்டிகளே. ஒரே கருவியால், ஒரே இடங்களில், குறித்த இடைவெளியில் எடுத்த அளவீடுகளை ஒப்பிட்டு, விளக்கு மங்குவதையும் புதிய விளக்கின் மிகையையும் கண்டறிவதிலேயே இம்முறையின் உண்மையான ஆற்றல் உள்ளது. ஒளி குறைந்தால் பழுப்பேறியும் மிகுந்தால் வெளிறியும் பவளம் காட்டும் மாற்றங்களை அளவீட்டோடு சேர்த்துக் குறித்துவைப்பவருக்கே, அந்த எண் தம் தொட்டிக்குரிய பொருளைத் தரும்.