கடல் இனித்ததாம்!

பழைய நாளேடுகளைப் புரட்டுவோர்க்கு நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. துணுக்குப் பகுதியைச் சொல்லவில்லை, நண்பர்களே, முதற்பக்கத்தைச் சொல்கிறேன்! கொட்டை எழுத்துத் தலைப்பும் ஓர் இலக்கிய வகைதான். நான்கே சொற்கள், நாடெங்கும் அதே பேச்சு. கவிதைக்கு உரை எழுதுகிறோம். காவியத்தைத் திறனாய்வு செய்கிறோம். காலைதோறும் இலட்சக்கணக்கானோர் படிக்கும் தலைப்பை மட்டும் ஏன் ஆராயாமல் விடவேண்டும்?

ஆராய்வதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தலைப்பை மறுக்க வேண்டாம், நம்பிவிடுங்கள்! முழுக்க நம்பி, அது உண்மையானால் மறுநாள் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மெய் மறுநாளும் நிற்கும். பொய் தன் விளைவின் சுமை தாங்காமல் தானே சாயும்.

1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகுக்குப் பேரழிவு என்றனர் சோதிடர். ஏடுகள் அதை எடுத்து முழங்கின. யாகங்கள் வளர்ந்தன, நெய் குடம் குடமாய் நெருப்புக்குப் போயிற்று. சரி, நம்புவோம். உலகம் அழியப்போகிறது என்றால் வட்டிக் கடைக்காரர் கடன் பத்திரங்களைக் கிழித்தெறிந்திருக்க வேண்டுமே! நாளை இல்லாத உலகில் நிலுவை எதற்கு? யாகம் செய்த புரோகிதர் தட்சிணையை வேண்டாமென்றிருக்க வேண்டுமே! எந்தக் கடையில் அதைச் செலவிடுவார்? பத்திரம் கிழியவில்லை, தட்சிணை மறுக்கப்படவில்லை, உலகமும் அழியவில்லை. அதே மாதத்தில் பொதுத்தேர்தல் நடந்தது. தமிழகச் சட்டமன்றத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் 50 இடங்களைப் பிடித்தது. எட்டுக் கிரகம் கூடியும் வாக்குச் சீட்டை அசைக்க முடியவில்லை!

1995 செப்டம்பர் 21. பிள்ளையார் பால் குடித்தார்! டில்லியில் தொடங்கிய செய்தி ஒரே பகலில் கடல் கடந்து இலண்டனுக்கும் போயிற்று. இதையும் நம்புவோம். பால் குடித்தவர் பக்கத்திலிருந்த கொழுக்கட்டையை ஏன் விட்டுவைத்தார்? ஆண்டாண்டாய் அவருக்கென்றே பிடித்து வைக்கும் பண்டமாயிற்றே! இளகிய பால் இறங்குகிறது. கெட்டியான கொழுக்கட்டை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. பசி ஆண்டவனுடையதென்றால் இந்த வேறுபாடு வருமா? அரசின் அறிவியல் துறையினர் பாலில் நிறம் கலந்து கரண்டியில் நீட்டினர். பாலின் பரப்பு இழுவிசை அதைக் கரண்டியிலிருந்து சிலைக்கு இழுத்தது. சிலையின் மேனி வழியே வண்ணப்பால் வடிந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தும்பிக்கை குடித்த பால் தொப்பைக்குள் போகவில்லை, தொப்பையின் மேல் போயிற்று!

இவ்விரண்டையும் விஞ்சியது மூன்றாவது. 2006 ஆகஸ்டு 18 அன்று மும்பை மாகிம் கழிமுகத்தில் கடல்நீர் இனிக்கிறது என்று செய்தி கிளம்பிற்று. மத வேறுபாடின்றி ஆயிரக்கணக்கானோர் திரண்டனர், அள்ளிக் குடித்தனர், புட்டிகளில் நிரப்பினர், குழந்தைகளுக்கும் புகட்டினர். மித்தி ஆறு ஊர்க்கழிவையும் ஆலைக்கழிவையும் சுமந்துவந்து சேரும் இடம் அது! குடிக்காதீர் என்று அதிகாரிகள் எச்சரித்தனர். மழைக்காலத்து நன்னீர் கடல்நீரில் மிகுதியாய்க் கலந்ததே காரணம் என்றனர் அறிஞர். இரண்டு நாளில் பிள்ளையாரும் மீண்டும் பால் குடிக்கத் தொடங்கினார்.

இந்தத் தலைப்பை எங்கள் மரக்காணத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மாகிமில் இருப்பது அரபிக்கடல், இங்கே அலையடிப்பது வங்கக்கடல். ஆயினும் கடலுக்கு ஏது வரப்பு? அங்கே இனித்தால் இங்கேயும் இனித்துத்தானே ஆகவேண்டும்! சங்கப்பாட்டின் எயிற்பட்டினம் என்று ஆய்வாளர் பலர் கருதும் இந்த ஊரில், பாத்தி பாத்தியாய்ச் சர்க்கரை விளைந்திருக்கும். உப்பு வாரிய கைகள் கற்கண்டு வாரியிருக்கும். விழுப்புரம் வட்டாரக் கரும்பு உழவர் வயலை மூடிவிட்டுக் கடலைப் பங்குபோடக் கிளம்பியிருப்பர். மீனவர் வீட்டுக் கருவாடு மிட்டாய்க் கடைக்குப் போயிருக்கும். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புப் பொருள்கள் உண்டு. அத்தனையும் எந்தக் கிடங்குக்குப் போயிற்று என்று ஏடுகள் கேட்டனவா?

சிரித்தாயிற்று. இனிச் சிந்திப்போம்.

மாகிமின் அந்த 'அற்புதம்' மரக்காணத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது! ஐப்பசி மழை பொழிந்ததும் பாத்தியின் உவர்நீர் நீர்த்துப்போகிறது, கரிப்பு குறைகிறது, விளைந்த உப்பும் கரைகிறது. இங்கே எவரும் அதைக் கையேந்திக் குடிப்பதில்லை. கூலி போயிற்று என்பார்கள். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. 'புயல் கரையைக் கடந்தது' என்றதும் தலைப்பு முடிந்துவிடுகிறது. கடந்த புயல் எங்கே போயிற்று? உப்பளத்தின் மேல் அல்லவா! வெள்ளம் வடிந்து, சேறு அகற்றி, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தி, மறுபடி உவர்நீர் பாய்ச்சி உப்புப் பூக்கும் வரை அந்தக் குடும்பங்கள் எதை உண்ணும்? கல் பால் குடித்தால் முதற்பக்கம். பிள்ளைக்குப் பாலில்லை என்றால் எந்தப் பக்கம்?

தமிழ் நமக்குத் தந்த சிறு கருவி ஒன்று இருக்கிறது: 'ஆம்'. கண்டது வேறு, கேட்டது வேறு என்று பிரித்துக் காட்டும் ஓரசைச் சொல். படிக்காத பாட்டிகூட 'பிள்ளையார் பால் குடித்தாராம்' என்றுதான் சொல்வாள். படித்த ஆசிரியர் குழு அந்த 'ஆம்' என்பதை வெட்டிவிட்டு, 'குடித்தார்' என்று முற்றுப்புள்ளி வைக்கிறது. இடமில்லாமலா வெட்டினர்? ஐயம் விலைபோகாது, வியப்பு விலைபோகும் என்பதால் வெட்டினர். இன்று கைப்பேசியில் ஓடிவரும் செய்திகளிலும் முதலில் பலியாவது அந்த ஓரசைதான்.

வெட்டியதை நாம் ஒட்டுவோம், தோழர்களே. படிப்பகத்து நாளேட்டில் அற்புதம் கண்டால் பென்சிலால் ஓர் 'ஆம்' சேர்த்து எழுதுங்கள். பின்பு, 'மரக்காணத்தில் உவர்நீர் இனித்தது. அடுப்புகள் அணைந்தன' என்று ஒரு தலைப்பை எழுதிப் பாருங்கள். எந்த ஏட்டில் வந்தாலும் வராவிட்டாலும், மறுநாள் விளைவைக் கண்டு அஞ்ச வேண்டாத தலைப்பு அது. அதற்கு மட்டும் 'ஆம்' தேவையில்லை.