மைக்கா

'பல அடுக்குகள் கொண்ட நாவல்' என்று எழுதாத மதிப்புரை இப்போது தமிழில் அபூர்வம். என் தொழிலிலும் இதே கதைதான். எதையாவது எதன் மேலாவது ஏற்றிவிட்டு 'லேயர்' என்போம். அடுக்கு என்றால் என்ன என்று யோசிக்க எனக்கு உதவிய சொல் தச்சர்களுடையது.

அலமாரிக் கதவில் ஒட்டும் தகட்டை நம்மூரில் மைக்கா என்கிறார்கள். அதில் மைக்கா துளியும் கிடையாது. பிசினில் தோய்த்த பழுப்புக் காகிதங்கள், மேலே மர ரேகை அச்சிட்ட ஒரு தாள், எல்லாவற்றையும் சேர்த்துச் சூட்டில் அழுத்தியது. பெயர் வந்த வழி வேடிக்கை. மின்கருவிகளில் மின்காப்புக்கு அசல் மைக்கா, அதாவது அப்பிரகம், பயன்பட்டது. அதற்கு மாற்றான பிசின் தகட்டை விற்க 1913இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹெர்பர்ட் ஃபேபரும் டேனியல் ஓ'கானரும் கம்பெனி ஆரம்பித்தார்கள். மைக்காவுக்குப் பதில் என்ற பொருளில் 'ஃபார் மைக்கா'. சேர்த்துச் சொன்னால் ஃபார்மைக்கா. இங்கே சன்மைக்கா என்றொரு பிராண்ட். பேச்சில் 'சன்' உதிர்ந்துபோச்சு. பதிலுக்கு வந்தது அசலின் பெயரையே எடுத்துக்கொண்டது. (அசலுக்குத் தமிழில் காக்காப்பொன் என்றும் பெயர் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும்.)

காக்காப்பொன்னை நகத்தால் உரிக்கலாம். அதன் சிலிக்கேட் படலங்களை இடையிலுள்ள பொட்டாசியம் அயனிகள் லேசாகத்தான் பிடித்திருக்கின்றன; அங்கேதான் பிளக்கும். எவ்வளவு மெல்லிசாக உரித்தாலும் கையில் வருவது காக்காப்பொன்னேதான். ஃபார்மைக்காவின் மேல்தாளைச் சுரண்டினால் மரம் காணாமல் போய்விடும்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) உரிக்கக்கூடியது. ஆசான் சொல்லும் பழங்கதையில் குளத்தில் நிற்கிற மரம், பிற்பாடு கடைவீதி நடுவே நிற்கிறது. நகரசபை அரசியல் பகுதியை மட்டும் எடுத்துப் படியுங்கள், ஆசானின் கதையை மட்டும் படியுங்கள். மரத்தைச் சுற்றி மனிதர்கள் போடும் கணக்கு இரண்டிலும் இருக்கிறது. இன்று வரும் தடித்த நாவல்கள் பலவற்றில் கல்வெட்டு ஒரு தாள், நாட்டார் கதை ஒரு தாள், ஐடி ஊழியரின் மனச்சிக்கல் ஒரு தாள். உழைப்பு இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் கல்வெட்டு அத்தியாயத்தைத் தனியே உருவினால் கையில் மிஞ்சுவது தகவல். நாவல் கேட்கும் கேள்வி அதில் இல்லை.

மதிப்புரையாளர் இரண்டுக்கும் 'அடுக்கு' என்றே எழுதிவிட்டு நகர்கிறார். தச்சராவது கடையில் கேட்கும்போது எத்தனை எம்எம் என்று சேர்த்துச் சொல்கிறார்.