ஆகாயப் போர் விளையாட்டும் மறைக்கப்பட்ட நிலமும்

கலைகளைப் போலவே விளையாட்டுக்களும் வாழ்க்கை பற்றிய ஒரு நோக்கினைத் தம்முள் கொண்டுள்ளன. ஆதலின் அவையும் விமர்சனத்திற்கு உரியனவே. மாதிரி விமானங்களை மேசைமீது நகர்த்தி, வரலாற்றில் நிகழ்ந்த ஆகாயச் சண்டைகளை மீள ஆடும் விளையாட்டொன்றை அண்மையில் எமது மாணவர் சிலருடன் நடத்தியபோது இது எமக்குத் தெளிவாயிற்று.

1913ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வோர்ஸ்' என்னும் நூலில் பொம்மைப் போர்வீரரைக் கொண்டு ஆடும் விதிகளை வகுத்தார். மெய்ப்போரின் மடமையை உணர்வதற்குப் பொம்மைப் போரே போதும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. அப்போரின் விமானச் சண்டைகளைப் பொருளாகக் கொண்டு, அமெரிக்கரான மைக் கார் 1968இல் 'பைற் இன் த ஸ்கைஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். அதில் உயிர்தப்பிய விமானி அடுத்த ஆட்டத்திலும் தொடர்வான். அவன் வீழ்த்திய விமானங்களின் கணக்கும் வளரும். தனிவீரனைப் போற்றும் பழைய மனப்பான்மை இவ்வாறு புதிய உருவம் பெற்றது.

நாம் எடுத்துக்கொண்டது 1942 ஏப்ரில் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கிய நிகழ்ச்சியாகும். அறுகோணக் கட்டங்கள் வரைந்த விரிப்பிலே விமானங்கள் சிறு கம்பிகளில் நிற்கும். உயரம் எண்ணாற் குறிக்கப்படும். ஆடுவோர் தத்தம் நகர்வை முன்கூட்டியே எழுதிவைத்தல் வேண்டும். கீழே பாய்ந்தால் வேகம் கூடும், மேலேறினால் குறையும். ஆகவே உயரமே இங்கு மூலதனம். எச்சரிக்கை உரிய வேளையில் எட்டாமையால், இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன் விமானங்கள் பகைவர் தலைக்குமேல் வந்த பின்னரே எழ நேர்ந்தது. எமது ஆட்டமும் அந்நிலையிலேயே தொடங்கியது. மாணவர் எத்துணைத் திறமையாக ஆடியபோதும், விரைந்து திரும்பவல்ல சீரோ விமானங்களுக்கு இரையாயினர்.

முடிவைத் தீர்மானிப்பது தனிமனித வீரமன்று, அவன் நிற்கும் நிலைமையே என்பதை எமது பாடங்களைவிட அத்தாயக்கட்டைகள் நன்கு கற்பித்தன. இதுவே இவ்விளையாட்டின் சிறப்பு. ஆயின், விதிகள் கூறும் உண்மையைப் புள்ளிக்கணக்கு மறுத்துவிடுகின்றது. வீழ்த்திய விமானத்துக்கே புள்ளி என்றவுடன், தோற்றவரும் தாம் சுட்டு வீழ்த்திய ஒன்றிரண்டை எண்ணி மகிழ்ந்தனர்.

அவ்வேளையில் மாணவனொருவன் கேட்டான்: "சேர், இந்த விரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது?"

கீழே கொழும்பு இருந்தது. துறைமுகமும், இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலையும், அங்கொடை மனநோய் வைத்தியசாலையும் இருந்தன. அன்று அவ்வைத்தியசாலையிலும் குண்டுகள் வீழ்ந்தன, நோயாளர் மாண்டனர். இவர்களுக்கு அந்த விரிப்பில் ஒரு கட்டந்தானும் இல்லை.

அடுத்த வாரம் விரிப்புக்குப் பதிலாகக் கொழும்பின் வரைபடத்தை விரித்தோம். தடுக்கப்பட்ட குண்டுவீச்சு விமானங்களுக்கே புள்ளி என விதியையும் மாற்றினோம். சீரோக்களை வேட்டையாடும் ஆசை அடங்கிற்று. தம் விமானத்தை இழந்தேனும் குண்டுவீச்சு விமானங்களைத் திருப்ப மாணவர் முயன்றனர். ஆரவாரம் குறைந்தது, விவாதம் மிகுந்தது.

போரை விளையாட்டாக்குதலே தவறு என்பர் எமது நண்பர் சிலர். அவர்தம் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. வான்குண்டுவீச்சை நூல்களிலன்றித் தம் கூரைகளின் கீழிருந்தே அறிந்தோர் எம்மிடையே இன்றும் உளர். ஆயினும் விளையாட்டைத் தடுப்பதாற் போர்மோகம் அழியாது. அது வேறிடம் தேடிச் செல்லும். விமானியின் கண்ணால் மட்டும் வானத்தைப் பார்க்கும் பழக்கத்தையே நாம் மாற்றவேண்டும். கதையாயினும் திரைப்படமாயினும் மேசை விளையாட்டாயினும், போரைச் சித்திரிக்கும் ஒவ்வொரு படைப்பையும் நோக்கி அம்மாணவனின் கேள்வியைக் கேட்போமாக: கீழே இருப்பவர் யார்?